ஒரே ஒரு மூச்சு... 2,000 வருஷ ஆயுசு! ரோமானியர்களின் கண்ணாடி பெர்ஃப்யூம் பாட்டில் கதை

ஆபீஸுக்கு லேட்டாகிடுச்சுன்னு ஓடுற அவசரத்துலயும், கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி கழுத்துல ரெண்டு ஸ்ப்ரே அடிச்சுட்டுப் போற ஆளா நீங்க? பெர்ஃப்யூம் தீர்ந்த பிறகும் 'பாட்டில் அழகா இருக்கே'ன்னு தூக்கிப் போட மனசு வராம டிரெஸ்ஸிங் டேபிள்லயே வெச்சிருப்பீங்களா? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

உலகத்தோட பெரிய மியூசியங்கள்ல கண்ணாடிப் பொருள்கள் இருக்கிற பகுதிக்குப் போனா, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன பாட்டில்கள் வரிசையா நிக்கும். சிலது வெளிர் பச்சை, சிலது நீலம், சிலது மயில் கழுத்து மாதிரி மினுமினுக்கும். எல்லாமே ரோமானியப் பேரரசு காலத்து பெர்ஃப்யூம் பாட்டில்கள். உள்ளே இருந்த வாசனை எப்பவோ காத்தோட போயிடுச்சு. ஆனா, அந்த பாட்டிலை ஊதினவரோட மூச்சு விட்டுட்டுப்போன வடிவம் அப்படியே இருக்கு.

பணக்காரங்க மட்டும் வெச்சிருந்த கண்ணாடி, எப்படி சாதாரண மக்கள் கைக்கு வந்துச்சு? உள்ளே என்ன ஊத்தி வெச்சாங்க? 'கண்ணீர் பாட்டில்'னு இன்ஸ்டாவுல சுத்துற கதை நிஜமா? ஒண்ணொண்ணா பார்க்கலாம்.

ஊதுறதுக்கு முன்னாடி கண்ணாடி எப்படி இருந்துச்சு?

கண்ணாடியில வாசனைத் தைலம் வைக்கிற பழக்கம் ரோமானியர்கள் ஆரம்பிச்சதில்லை. சுமார் 3,500 வருஷத்துக்கு முன்னாடியே எகிப்துலயும் மெசபடோமியாவுலயும் கண்ணாடிக் குப்பிகள் இருந்துச்சு. ஆனா, அதைச் செய்யுறது பெரிய வேலை.

ஒரு உலோகக் கம்பி நுனியில களிமண், மணல், சாணம் எல்லாம் கலந்து பாட்டிலோட உள்வடிவத்தைப் பிடிப்பாங்க. அது மேல உருகின கண்ணாடியைச் சுத்திச் சுத்தி ஏத்துவாங்க. வேற கலர் கண்ணாடி இழையைச் சுத்தி, ஊசி மாதிரி கருவியால இழுத்து அலை அலையா டிசைன் போடுவாங்க. ஆறினதும் கம்பியை உருவிட்டு, உள்ளே இருக்கிற மண்ணைச் சுரண்டி எடுக்கணும். ஒரு குப்பிக்கு இவ்ளோ பாடு! அதனால கண்ணாடிக்குப்பி அரண்மனை, கோயில், பெரிய வீடுகளோட நின்னுச்சு.

இன்னொரு ஆப்ஷன், வெள்ளைக்கல்லைக் குடைஞ்சு செஞ்ச பரணி. தைலம் இதுல கெடாம இருக்கும்னு நம்பினாங்க. கி.பி. முதல் நூற்றாண்டுல வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, தைலத்தை வைக்க வெள்ளைக்கல்தான் பெஸ்ட்னு எழுதியிருக்கார். ஆனா, கல்லைக் குடையுற கூலியை யார் கொடுக்குறது?

கையில காசு கம்மியா இருந்தவங்களுக்கு மண்குப்பிதான். அதுல ஒரு சிக்கல், மண்ணு எண்ணெயைக் குடிக்கும். காஸ்ட்லியான தைலத்துல ஒரு பங்கு பாட்டிலுக்கே போயிடும்!

குப்பையில கிடைச்ச புரட்சி

கண்ணாடியை ஊதலாம்ங்கிற ஐடியா எங்க, எப்போ வந்துச்சு? இதுக்கான முக்கியமான ஆதாரம் ஒரு குப்பைக் குவியல்ல கிடைச்சுது.

ஜெருசலேம் பழைய நகரத்தோட யூதர் குடியிருப்புப் பகுதியில, தொல்லியலாளர் நாமான் அவிகாத் 1969-ல இருந்து பல வருஷம் அகழாய்வு செஞ்சார். அங்க, பயன்பாட்டுல இல்லாத ஒரு சடங்குக் குளியல் தொட்டிக்குள்ள, ஒரு கண்ணாடிப் பட்டறையோட கழிவுகள் கொட்டிக் கிடந்துச்சு. உடைஞ்ச துண்டுகள், உருகி உறைஞ்ச கட்டிகள்... கூடவே மெல்லிசான கண்ணாடிக் குழாய்கள். அதுல சிலதோட ஒரு நுனியை மூடி, இன்னொரு நுனி வழியா ஊதியிருந்தாங்க. நுனியில சின்னதா ஒரு குமிழ் உப்பி நின்னுச்சு.

காலம் சுமார் கி.மு. 50. அதாவது, யாரோ சில பேர் கண்ணாடிக் குழாயையே ஊதுகுழலா வெச்சு 'ஊதினா என்ன ஆகும்?'னு டிரை பண்ணிப் பார்த்திருக்காங்க. அவங்க யாரு, பேர் என்னன்னு எந்தப் பதிவும் இல்ல. ஆனா, அந்தக் குமிழோட வாரிசுகள்தான் இன்னைக்கு நாம பயன்படுத்துற பாட்டில், டம்ளர், பல்பு எல்லாமே.

இன்றைய சிரியா, லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம் இருக்கிற இந்தக் கடலோரப் பகுதி, கி.மு. முதல் நூற்றாண்டுல ரோமோட ஆட்சிக்குள்ள வந்துச்சு. ரோமானியச் சாலைகள், கப்பல்கள் வழியா கைவினைஞர்களும் பயணம் செஞ்சாங்க. ஒண்ணு, ரெண்டு தலைமுறைக்குள்ள இந்த டெக்னிக் இத்தாலிக்குப் போய், அப்புறம் ஐரோப்பா முழுக்கப் பரவிடுச்சு. அடுத்தகட்டமா இரும்பு ஊதுகுழலும் வந்துச்சு.

ஒரு பாட்டில் எப்படிப் பிறக்குது?

கண்ணாடிக்குத் தேவை மூணு விஷயம். மணல்ல இருக்கிற சிலிக்கா, அது சீக்கிரம் உருக நேட்ரான்ங்கிற சோடா உப்பு, கண்ணாடி தண்ணியில கரையாம இருக்கச் சுண்ணாம்பு. நேட்ரான் எகிப்தோட வாடி எல் நேட்ரூன் பள்ளத்தாக்குல இயற்கையாவே கிடைச்சுது. சுண்ணாம்பு தனியா சேர்க்கத் தேவையில்லை. கடற்கரை மணல்ல இருந்த சிப்பித் தூளே போதும்.

இந்தக் கலவையை உருக்குற பெரிய உலைகள் எகிப்துலயும் கிழக்கு மத்தியதரைக் கடலோரத்துலயும் இருந்துச்சு. அங்க உருவான கண்ணாடிப் பாளத்தை உடைச்சு, கட்டி கட்டியா கப்பல்ல ஏத்தி அனுப்புவாங்க. ஊர் ஊருக்கு இருந்த சின்னப் பட்டறைகள் அதை வாங்கி மறுபடி உருக்கிப் பொருளாக்குவாங்க. பாளம் ஒரு இடம், பாட்டில் ஒரு இடம்.

பட்டறையில நடக்கிறது இதுதான்:

• ஊதுகுழலோட நுனியை உலைக்குள்ள விட்டு, சுமார் 1,000 டிகிரி செல்சியஸ்ல தேன் பதத்துல இருக்கிற கண்ணாடியைச் சுருட்டி எடுப்பாங்க.

• வழவழப்பான கல் மேல உருட்டி, சீராக்குவாங்க. இந்த நேரம் முழுக்கக் குழலைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா கண்ணாடி ஒரு பக்கமா தொங்கிடும்.

• லேசா ஒரு ஊது. உள்ளே குமிழ் விழும். இன்னும் கொஞ்சம் ஊதினா வயிறு பெருசாகும்.

• இடுக்கியால அமுக்கி, இழுத்து கழுத்தை நீளமாக்குவாங்க.

• குழல்ல இருந்து தட்டிப் பிரிச்சு, வாய்ப் பகுதியைத் தீயில காட்டி உள்பக்கமா மடிச்சு விடுவாங்க. கூர் போயிடும், உதடும் விரிஞ்சு நிக்கும்.

• கடைசியா, சூடான அறையில வெச்சு மெதுவா ஆற விடுவாங்க. சட்டுனு ஆறினா 'டப்'புனு வெடிச்சுடும்.

கை பழகின ஆளுக்கு சின்ன பாட்டில் சில நிமிஷ வேலை. களிமண் கருவைச் சுத்தி ஒரு குப்பி செய்யுற நேரத்துல, ஊதுறவர் ஒரு கூடையையே நிரப்பிடலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டோட முதல் பாதியிலயே அடுத்த அப்டேட்டும் வந்துடுச்சு. அச்சுக்குள்ள கண்ணாடியை விட்டு ஊதுறது. ஒரே டிசைனை திரும்பத் திரும்ப எடுக்கலாம். இந்த வேலையில பேர் வாங்கினவர் என்னியான். இன்றைய லெபனான்ல இருக்கிற சீதோன் பகுதியோட தொடர்புள்ளவர். 'என்னியான் செய்தது'ன்னு தன்னோட கிண்ணம், கூஜாவுல எல்லாம் கிரேக்க எழுத்துல பேர் பொறிச்சார். சிலதுல, வாங்குறவருக்கு வாழ்த்தும் சொல்லியிருப்பார். பிராண்ட் நேம், கஸ்டமர் கேர் ரெண்டும் ஒரே கிண்ணத்துல! நியூயார்க்கோட மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2014-ல இவருக்குன்னே தனிக் கண்காட்சி நடத்துச்சு.

செப்புக்காசுக்குக் கண்ணாடி!

இந்த வேகம் விலையை எங்க கொண்டுவந்து நிறுத்துச்சு தெரியுமா? கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ, ரோம்ல ஒரு கண்ணாடிக் கோப்பையை ஒரு செப்புக்காசுக்கு வாங்கலாம்னு எழுதியிருக்கார். அவர் காலம் கி.மு. முதல் நூற்றாண்டோட கடைசி, கி.பி. முதல் நூற்றாண்டோட தொடக்கம். ஜெருசலேம் குப்பைக்கும் இதுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு மனுஷ ஆயுள்தான் இடைவெளி. அதுக்குள்ள அரண்மனைப் பொருள் சில்லறைக்குக் கிடைக்க ஆரம்பிச்சிடுச்சு.

நீரோ காலத்துல பெட்ரோனியஸ் எழுதின 'சாடிரிகான்' நாவல்ல, திரிமால்கியோன்னு ஒரு புதுப்பணக்காரர் வருவார். கண்ணாடியில வாடை பிடிக்காது, உடையாம மட்டும் இருந்தா தங்கத்தைவிட அதைத்தான் விரும்புவேன், ஆனா விலை மலிஞ்சுபோச்சேன்னு விருந்துல பீத்திக்குவார். காமெடி சீன்தான். ஆனா, தைலம் விக்கிறவங்க கண்ணாடிக்கு மாறின காரணம் அந்த டயலாக்லயே இருக்கு. கண்ணாடி எண்ணெயைக் குடிக்காது, உள்ளே இருக்கிற வாசனையைக் கெடுக்காது, விலையும் கம்மி. உள்ளே எவ்ளோ மிச்சம் இருக்குன்னு வெளிய இருந்தே பார்த்துக்கலாம்.

அதே விருந்துல அவர் இன்னொரு கதையும் சொல்வார். ஒரு கைவினைஞர் உடையாத கண்ணாடியைக் கண்டுபிடிச்சு, பேரரசர்கிட்ட கொண்டுபோறார். தரையில போட்டா நசுங்குது, உடையல. சுத்தியலால தட்டி நேராக்கிடுறார். 'இந்த ரகசியம் வேற யாருக்காவது தெரியுமா?'ன்னு பேரரசர் கேட்க, 'தெரியாது'ன்னு பெருமையா சொல்றார். உடனே அவர் தலையை எடுக்க உத்தரவு. காரணம், இது வெளிய தெரிஞ்சா தங்கத்துக்கு மதிப்பே இருக்காதாம்! பிளினியும் திபேரியஸ் காலத்துல நடந்ததா இதே மாதிரி ஒரு கதையைச் சொல்லிட்டு, இது ஊர் பேசுற அளவுக்கு உறுதியான கதை இல்லன்னும் சேர்த்துக்கிறார். நடந்திருக்க வாய்ப்பு கம்மிதான். ஆனா, ஒரு புது டெக்னாலஜி வந்தா பழைய செல்வம் எப்படி பயப்படும்ங்கிறதை ரோமானியர்கள் நல்லாவே புரிஞ்சு வெச்சிருந்திருக்காங்க.

உள்ளே என்ன இருந்துச்சு?

முதல் விஷயம், ரோமானிய பெர்ஃப்யூம் ஸ்ப்ரே இல்ல. அந்தக் காலத்து பெர்ஃப்யூம்ல ஆல்கஹாலே கிடையாது. எல்லாமே எண்ணெய். நம்ம ஊர் அத்தர், தலைக்குத் தேய்க்கிற வாசனைத் தைலம் மாதிரின்னு வெச்சுக்கலாம். அதனாலதான் பாட்டிலுக்கு ஒடுக்கமான கழுத்து. சாய்ச்சா சொட்டுச் சொட்டா விழும். விரிஞ்ச உதட்டுல விரலை வெச்சு ஒத்தி எடுத்துக்கலாம்.

அடிப்படை எண்ணெய்கள்ல ரொம்ப மதிப்பு காய் பருவத்து ஆலிவ்ல இருந்து எடுத்த எண்ணெய்க்கும், பென் எண்ணெய்க்கும். இந்த பென் எண்ணெய் எதுல இருந்து வருது தெரியுமா? அரேபியா, எகிப்துப் பக்கம் வளர்ற ஒரு முருங்கை வகையோட விதையில இருந்து. நம்ம சாம்பார் முருங்கையோட ஒண்ணுவிட்ட சொந்தம்! சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காதுங்கிறதால தைலக்காரங்களுக்கு இது செல்லம்.

அதுக்கு மேல ரோஜா, அல்லி, கருவிழி மலரோட வேர், குங்குமப்பூ, வெள்ளைப்போளம், லவங்கப்பட்டைன்னு வாசனைப் பொருள்கள். வாசனை சீக்கிரம் பறந்துடாம இருக்க பிசின் சேர்ப்பாங்க. பார்க்க அழகா இருக்க சாதிலிங்கம் சேர்த்துச் சிவப்பாக்குறதும் உண்டுன்னு பிளினி சொல்றார். சாதிலிங்கம்ங்கிறது பாதரசத் தாது. தயவுசெஞ்சு யாரும் இந்த ரெசிப்பியை டிரை பண்ணாதீங்க!

அதே நூற்றாண்டுல வாழ்ந்த மருத்துவர் டயஸ்கோரிடிஸ், ரோஜாத் தைலம் செய்யுற முறையை எழுதி வெச்சிருக்கார். வாசனைப் புல்லை இடிச்சு எண்ணெயில காய்ச்சி வடிகட்டணும். அதுல ஆயிரக்கணக்குல ரோஜா இதழ்களைப் போட்டு, கையில தேன் தடவிக்கிட்டு மெதுவா பிசையணும். ஒரு ராத்திரி ஊற வெச்சுப் பிழியணும். அதே எண்ணெயில புது இதழ் போட்டு மறுபடியும் அதே வேலை. பாம்பேயில வெட்டி வீட்டுச் சுவர் ஓவியத்துல, இறக்கை வெச்ச குட்டி தேவதைகள் இந்த மாதிரி தைலம் தயாரிச்சு விக்கிற காட்சியை இன்னைக்கும் பார்க்கலாம்.

விலைப் பட்டியல்ல மேல இருந்தது நளதம். இமயமலையில வளர்ற சடாமாஞ்சில் செடியோட வேர்த்தண்டுல இருந்து வர்ற வாசனை. தமிழ் பைபிள் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் பழக்கமா இருக்கும். யோவான் எழுதின சுவிசேஷத்துல, ஒரு ராத்தல் நளதத் தைலத்துக்கு 300 வெள்ளிக்காசு மதிப்பு சொல்லப்படுது. ஒரு வெள்ளிக்காசு, ஒரு கூலித் தொழிலாளியோட ஒரு நாள் சம்பளம். கணக்கு போட்டுப் பாருங்க, ஏறக்குறைய ஒரு வருஷ உழைப்பு!

இந்த நளதம் ரோமுக்குப் போன பாதையில நம்ம பக்கத்து ஊரும் இருக்கு. கங்கைக்கரை வழியா வந்த சரக்கு, சேர நாட்டோட முசிறித் துறைமுகத்துல கப்பல் ஏறுச்சு. வியன்னாவுல பாதுகாக்கப்படுற கி.பி. 2-ம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஆவணம் ஒண்ணுல, 'ஹெர்மபோலன்'ங்கிற கப்பலோட சரக்குக் கணக்கு இருக்கு. அதுல 60 பெட்டி கங்கை நளதம்! திரும்பி வர்ற கப்பல்கள் முசிறிக்குக் கொண்டுவந்த பொருள்கள்ல கண்ணாடிக் கட்டியும் உண்டுன்னு 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' நூல் சொல்லுது. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுலயும் ரோமானியக் கண்ணாடித் துண்டுகள் கிடைச்சிருக்கு. வாசனை அங்க போச்சு, கண்ணாடி இங்க வந்துச்சு.

இந்த வாசனை மோகத்தைப் பார்த்துக் கடுப்பானவங்களும் இருந்தாங்க. கி.மு. 189-லயே ரோம்ல வெளிநாட்டுத் தைலம் விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. ஒண்ணும் வேலைக்கு ஆகலைங்கிறது வேற விஷயம். பிளினிக்கும் இதுல செம கோபம். 'முத்து வாரிசுக்குப் போகும், துணி கொஞ்ச நாளாவது உழைக்கும். இது மட்டும் பூசின உடனே பறந்துடும். அதுலயும் பூசிக்கிட்டவருக்கே அந்த வாசனை தெரியாது'ங்கிற ரீதியில புலம்பியிருக்கார். பாதத்துக்குக்கூட பெர்ஃப்யூம் பூசுற ஆளுங்க, ராணுவத்தோட கழுகுச் சின்னத்துக்கே தைலம் தடவுற வீரர்கள்னு ஒரு லிஸ்ட்டே போடுறார். ஒரு ராத்தல் 400 தினாரியஸுக்கு மேல போன தைலமும் இருந்ததாம்.

ஒரு ராத்தல் வாங்க முடியாதவங்க என்ன செஞ்சிருப்பாங்க? விலை கம்மியான ரோஜாத் தைலத்துல கொஞ்சமா, விரல் நீள பாட்டில்ல வாங்கியிருப்பாங்க. பாட்டில் மலிஞ்சதும், கொஞ்சமா வாங்குறதும் சாத்தியமாச்சு. அந்த ஊர்க் கல்லறைகள்ல எளிய மனுஷங்க பக்கத்துலயும் இந்தக் குப்பிகள் கிடைக்கிறது அதனாலதான்.

ஷேப்பைப் பார்த்தே சொல்லலாம்!

இந்த பாட்டில்களை ஆய்வாளர்கள் 'உங்குவென்டாரியம்'னு கூப்பிடுறாங்க. தைலத்துக்கான லத்தீன் சொல்லை வெச்சுப் பிற்காலத்துல வந்த பேர். ரோமானியர்கள் சின்னக் குப்பியைச் சொல்லப் பயன்படுத்தின சொல்லுல ஒண்ணு 'ஆம்புல்லா'. ஊசி மருந்து வர்ற 'ஆம்பியூல்' ஞாபகம் வருதா? அதே சொல்தான்!

• குழாய் பாட்டில்: மெல்லிசா, நீளமா, அடியில லேசா உப்பியிருக்கும். முதல் நூற்றாண்டுல எங்க பார்த்தாலும் இதுதான்.

• மெழுகுவர்த்தித் தண்டு பாட்டில்: உயரமான கழுத்து, அடியில தட்டையான சின்ன வயிறு. பார்க்கப் பெருசா இருக்கும், உள்ளே பிடிக்கிறது கொஞ்சம்தான். இன்னைக்கு பெர்ஃப்யூம் கம்பெனிகள் செய்யுற டெக்னிக் அப்பவே இருந்திருக்கு.

• பேரீச்சம்பழ பாட்டில்: அச்சுல ஊதினது. பழுப்பு நிறம், தோல் சுருக்கம் எல்லாம் நிஜப் பேரீச்சம்பழம் மாதிரியே இருக்கும்.

• பறவை பாட்டில்: வால் வழியா தைலமோ, முகத்துக்குப் பூசுற பவுடரோ நிரப்பி, வால் நுனியைத் தீயில உருக்கி மூடிடுவாங்க. திறக்கணும்னா வாலை உடைக்கணும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பேக்கேஜிங்!

• இரட்டை முகக் குப்பி: முன்னாடி ஒரு முகம், பின்னாடி ஒரு முகம். இதுவும் அச்சு வேலை.

• குளியல் குடுவை: உருண்டை வயிறு, தோள்ல ரெண்டு காது. அதுல சங்கிலி மாட்டிக் கையில தொங்கவிட்டுப் பொதுக் குளியலறைக்கு எடுத்துட்டுப் போவாங்க. உடம்புல எண்ணெய் தேய்ச்சு, வளைஞ்ச உலோகத் தகட்டால அழுக்கை வழிச்செடுக்கிறது ரோமானிய ஸ்டைல்.

• இரட்டைக் குழாய்: ரெண்டு குழாய் ஒட்டி, மேல கூடை மாதிரி கைப்பிடி. கண்மை வைக்கிறதுக்கு. 4-ம் நூற்றாண்டுக்குப் பிறகு கிழக்குப் பகுதியில பிரபலம். சிலதுல மை தீட்டுற குச்சியோடயே கிடைச்சிருக்கு.

கலர் விஷயமும் சிம்பிள். மணல்ல இருக்கிற இரும்பால கண்ணாடி தானாவே நீலப்பச்சையா வரும். நிறமே வேண்டாம்னா ஆன்டிமணி அல்லது மாங்கனீஸ், ஆழ்ந்த நீலத்துக்குக் கோபால்ட். பளிங்கு மாதிரி தெளிவா இருந்தா விலை ஜாஸ்தி. கி.பி. 301-ல பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணையில, அலெக்சாண்ட்ரியா கண்ணாடி ஒரு ராத்தல் 24 தினாரியஸ், பச்சை கலந்த யூதேயா கண்ணாடி 13 தினாரியஸ்னு தனித்தனியா நிர்ணயிச்சிருக்காங்க.

'கண்ணீர் பாட்டில்' கதை நிஜமா?

காதலன் போருக்குப் போனா, காதலி அழுற கண்ணீரைப் பிடிச்சு வெக்கிற பாட்டில் இது... கல்லறையில துக்கம் கேட்க வந்தவங்க கண்ணீரை இதுல நிரப்பி, இறந்தவரோட வெச்சு அடக்கம் செஞ்சாங்க... இப்படி ஒரு கதையோட இந்த பாட்டில் போட்டோவை நீங்க பார்த்திருக்கலாம்.

கேட்க அழகா இருக்கு. ஆனா, உண்மை இல்ல.

கல்லறைகள்ல இந்த பாட்டில்கள் நிறைய கிடைச்சதைப் பார்த்து, பழம்பொருள் சேகரிச்ச பழைய காலத்து ஐரோப்பியர்கள் செஞ்ச ஊகம் இது. கடவுள் தன்னோட கண்ணீரைச் சேர்த்துவைக்கணும்னு வேண்டுற 56-ம் சங்கீதத்தோட அதை முடிச்சுப் போட்டாங்க. ஆங்கில பைபிள்ல அங்க 'பாட்டில்'னு இருக்கு. மூலத்துல இருக்கிறது தோல்பை. தமிழ் பைபிள்ல 'துருத்தி'ன்னு சரியாவே போட்டிருக்காங்க! பின்னாடி குப்பிகள்ல ஒட்டியிருந்த மிச்சத்தைச் சோதிச்சப்ப எண்ணெய், பிசின், அழகுப் பொருள்கள்தான் தெரிஞ்சுது.

அப்போ கல்லறையில ஏன் வெச்சாங்க? உயிர் பிரிஞ்ச உடம்புக்குத் தைலம் பூசுறது, சிதையிலயும் சாம்பல்லயும் வாசனை தெளிக்கிறது ரோமானிய வழக்கம். அதுக்குக் கொண்டுவந்த குப்பியை அங்கேயே விட்டுட்டுப் போயிடுவாங்க. சிதைத்தீயில உருகி, கழுத்து வளைஞ்சு, கட்டியா சுருங்கிப்போன பாட்டில்களும் தோண்டும்போது கிடைக்குது. கண்ணீரைப் பிடிச்சு வெக்கல. ஆனா, போறவங்க நல்ல வாசனையோட போகட்டும்னு யாரோ தன் சம்பாத்தியத்துல ஒரு சின்ன பாட்டில் வாங்கிட்டு வந்திருக்காங்க. கட்டுக்கதையைவிட இந்த நிஜம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாவே பிடிச்சிருக்கு.

அந்த வானவில் கலர் எங்கிருந்து வந்துச்சு?

மியூசியத்துல மயில் கழுத்து கலர்ல மின்னுற பாட்டிலைப் பார்த்து 'அப்பவே இப்படி ஒரு ஃபினிஷிங்கா?'ன்னு அசந்துபோக வேண்டாம். அது மண்ணு செஞ்ச வேலை. நூத்துக்கணக்கான வருஷமா மண்ணுல இருக்கிற ஈரம், கண்ணாடியோட மேல்பரப்புல இருக்கிற சோடாவைக் கரைச்சுக் கொண்டுபோயிடும். மிச்சமிருக்கிற சிலிக்கா, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான அடுக்கா மாறும். அதுல வெளிச்சம் பட்டா, சோப்புக் குமிழ்ல தெரியுற மாதிரி வானவில் தெரியும்.

சொல்லப்போனா அது கண்ணாடியோட நோய். தொட்டா உதிரும். அதனாலதான் மியூசியங்கள்ல ஈரப்பதத்தை அளந்து, பொத்திப் பாதுகாக்குறாங்க. ஆனா, அந்த நோயோட அழகுல மயங்கினவர்தான் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி. 1890-கள்ல அவர் தயாரிச்ச மினுமினுக்கும் கண்ணாடிக்கு இன்ஸ்பிரேஷன் இந்தப் பழைய பாட்டில்கள்தான்.

மூடி திறந்த ஒரு ரகசியம்

ஸ்பெயின்ல கார்மோனாங்கிற ஊர். 2019-ல ஒரு வீட்டைப் புதுப்பிக்கத் தோண்டும்போது, கீழே ஒரு ரோமானியக் கல்லறை அறை தெரிஞ்சுது. யாரும் கை வைக்காத கல்லறை. உள்ளே ஆறு பேரோட சாம்பல் கலசங்கள். அதுல ஒண்ணு 30-40 வயசுல இறந்துபோன ஒரு பெண்ணோடது. ஈயப் பெட்டிக்குள்ள கண்ணாடிக் கலசம், கலசத்துக்குள்ள ஒரு சின்ன வாசனைக் குப்பி.

அந்தக் குப்பி ஊதின கண்ணாடி இல்ல. படிகக்கல்லைக் குடைஞ்சு செஞ்சது. வசதியான குடும்பம்! கல் மூடியை வெச்சு, நிலக்கீல் பூசி இறுக்கி மூடியிருந்தாங்க. அந்த மூடிதான் கைகொடுத்துச்சு. உள்ளே உறைஞ்சிருந்த மிச்சத்தை கோர்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதிச்சு, 2023-ல முடிவை வெளியிட்டாங்க. தாவர எண்ணெயில கலந்த பச்சூலி. 2,000 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு பெண்ணோட பெர்ஃப்யூம் என்னன்னு நமக்குத் தெரிஞ்சுடுச்சு.

பச்சூலி ஆசியச் செடி. இன்னைக்கும் உலகத்தோட பல பெர்ஃப்யூம்கள்ல இருக்கு. அந்தப் பேரே தமிழ்ல இருந்து போனதுன்னு ஆங்கில அகராதிகள் சொல்லுது. உங்க டேபிள்ல இருக்கிற பாட்டில்லகூட அது இருக்கலாம். லேபிளைப் பாருங்க!

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் குப்பி யாரோடது, வயசு என்ன, எந்தக் கலசத்துல இருந்துச்சு, பக்கத்துல என்னென்ன இருந்துச்சு... இவ்ளோவும் தெரிஞ்சது, அது இருந்த இடத்துலயே முறைப்படி எடுக்கப்பட்டதாலதான். அதே குப்பியை ராத்திரியோட ராத்திரியா யாராவது தோண்டி, கழுவித் துடைச்சு வித்திருந்தா? 'அழகான பழைய பாட்டில்'. அவ்ளோதான். அந்தப் பெண்ணும் இல்ல, பச்சூலியும் இல்ல.

இந்த நிலைமைதான் ஆயிரக்கணக்கான ரோமானிய பாட்டில்களுக்கு நடந்திருக்கு. சின்னது, பாக்கெட்டுல போட்டுக்கலாம், கல்லறைக்குக் கல்லறை கிடைக்கும்ங்கிறதால திருட்டுத் தோண்டல்காரங்களுக்கு இது ஈஸி டார்கெட். சிரியா போர் சமயத்துல இந்தக் கொள்ளை ரொம்ப அதிகமாகி, 2011 மார்ச்சுக்குப் பிறகு அங்கிருந்து சட்டவிரோதமா எடுத்த தொல்பொருள்களை வாங்க விக்கக் கூடாதுன்னு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலே 2015-ல தீர்மானம் போட்டுச்சு.

அதனால, ஆன்லைன்ல 'ஒரிஜினல் ரோமன் பெர்ஃப்யூம் பாட்டில்'னு விளம்பரம் வந்தா ஆர்வத்துல ஆர்டர் போட்டுடாதீங்க.

• எந்த இடத்துல, எந்த வருஷம் எடுத்தது, இதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட இருந்துச்சுங்கிற பதிவு இல்லைன்னா, ஒண்ணு அது போலி, இல்லைன்னா திருட்டா இருக்க வாய்ப்பு அதிகம்.

• வானவில் மினுமினுப்பு இருந்தாலே பழசுன்னு அர்த்தம் இல்ல. கெமிக்கல் பூசி அதைச் செயற்கையா கொண்டுவர முடியும்.

• ஆசையா இருந்தா, அதே முறையில ஊதிச் செஞ்ச ரெப்ளிகா வாங்குங்க. ஒரு கைவினைஞருக்கு வேலையும் கிடைக்கும். பாலஸ்தீனத்தோட ஹெப்ரான்ல இன்னைக்கும் பட்டறைகள்ல வாயால ஊதித்தான் கண்ணாடி செய்யுறாங்க.

• ஒரிஜினலைப் பார்க்கணுமா? பிரிட்டிஷ் மியூசியம், மெட்ரோபாலிட்டன், கார்னிங் கண்ணாடி மியூசியம் மூணுமே தங்களோட சேகரிப்பை ஆன்லைன்ல வெச்சிருக்காங்க. மொபைல்லயே ஜூம் பண்ணி, உள்ளே இருக்கிற காற்றுக் குமிழ்வரைக்கும் பார்க்கலாம்.

உடைஞ்சாலும் வீணாகாது

கடைசியா ஒரு குட்டி விஷயம். கவிஞர் மார்ஷியல் ஒரு தெரு வியாபாரியைப் பத்திச் சொல்றார். ரோம்ல திபெர் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆள். உடைஞ்ச கண்ணாடியை வாங்கிக்கிட்டு, பதிலுக்கு கந்தகம் கொடுத்துட்டுப் போவார். ஆமா, ரோமானியத் தெருவுலயும் பழைய பாட்டில் வியாபாரி உண்டு! இத்தாலியோட கிராடோ கடல்ல மூழ்கின ஒரு ரோமானியக் கப்பல்ல, மறுபடி உருக்குறதுக்காக ஒரு பீப்பாய் நிறைய உடைஞ்ச கண்ணாடி ஏத்தியிருந்தாங்க. சுமார் 140 கிலோ!

அப்படி உருகி, மறுபடி ஊதி, மறுபடி உடைஞ்சதெல்லாம் போக மண்ணுக்குள்ள தப்பிப் பிழைச்சதுதான் இன்னைக்கு மியூசியத்துல நிக்குது. அடுத்தமுறை காலி பெர்ஃப்யூம் பாட்டிலை கையில எடுக்கும்போது, அதோட கழுத்து ஏன் இவ்ளோ ஒடுக்கம், உதடு ஏன் விரிஞ்சிருக்குன்னு ஒருதரம் பாருங்க. அந்த டிசைனை இப்ப மெஷின் செய்யுது. முதல்ல செஞ்சது, உலைச் சூட்டுல வேர்த்து வழிய உட்கார்ந்து ஊதின, பேர் தெரியாத ஒருத்தரோட மூச்சு.